இரு தரப்பும் துரோகி என்ற கவிஞர்: செஸ்வாஃப் மிவோஷும் அவரது தாயகங்களும்

போலந்தின் பால்டிக் கடற்கரை நகரமான கதான்ஸ்க்கில், கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் எண் வாயிலுக்கு எதிரே மூன்று எஃகுச் சிலுவைகள் 42 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நங்கூரம் அறையப்பட்டுத் தொங்குகிறது. 1970 டிசம்பரில் விலை உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளர்களை அரசுப் படைகள் சுட்டுக் கொன்றன. இறந்தவர்களின் நினைவாக ஒரு கல் நடவும் பத்தாண்டுக் காலம் அனுமதி இல்லை. 1980-இல் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம் பிறந்து, அரசைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்த பிறகே, அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று இந்த நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

சிலுவைகளின் அடியில் ஒரு கவிதையின் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. எளிய மனிதனுக்குத் தீங்கு செய்த ஆட்சியாளனை எச்சரிக்கும் வரிகள் அவை. நடந்தது கவிஞனின் நினைவில் இருக்கும், அந்தக் கணக்கு அழியாது என்கின்றன. எழுதியவர் செஸ்வாஃப் மிவோஷ். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றித் தமிழில் மிலோஸ் என்றும் எழுதுவதுண்டு. சின்னம் திறக்கப்படுவதற்கு ஆறு நாட்கள் முன்புதான் அவர் ஸ்டாக்ஹோமில் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தார். அப்போது அவர் அமெரிக்கக் குடிமகன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவரது நூல்களுக்குப் போலந்தில் இடமில்லை.

அந்தக் கவிதையின் கீழே இடத்தையும் ஆண்டையும் மிவோஷ் குறித்திருக்கிறார்: வாஷிங்டன், 1950. அந்த ஆண்டில் அவர் அகதியாகவோ ஆட்சியின் எதிரியாகவோ இருக்கவில்லை. போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு சம்பளம் கொடுத்து அமர்த்தியிருந்த தூதரக அதிகாரியாக இருந்தார். எந்த ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்காக அந்த வரிகளைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தார்களோ, அந்த ஆட்சியின் ஊழியராக இருந்துகொண்டே அவற்றை அவர் எழுதியிருந்தார்.

நாட்டுப்பற்று என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதற்குள் நான்கு தனித்தனிப் பற்றுகள் இருக்கின்றன: பிறந்த மண், பேசும் மொழி, சேர்ந்த இனம், ஆளும் அரசு. பலருக்கு இந்த நான்கும் ஒரே வீட்டுக்குள் இருந்துவிடுவதால் பிரித்துப் பார்க்கும் தேவை எழுவதில்லை. மிவோஷின் வாழ்வில் நான்கும் நான்கு பக்கம் இழுத்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தார். அப்படிக் கணக்குப் பார்ப்பதே துரோகம் என்று சொல்ல எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். துரோகி என்ற சொல்லின் எடை ஈழத்துப் புலம்பெயர் எழுத்தைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே மிவோஷின் கதையைத் தமிழில் நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரே குடும்பம், இரு நாடுகள்

மிவோஷ் பிறந்தது 1911 ஜூன் 30. ஊர், நெவேஜிஸ் ஆற்றங்கரையில் உள்ள ஷெதேனியய். போலந்து மொழியில் அதன் பெயர் ஷெதெய்னியே. இன்று அது லிதுவேனியாவில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. தாய்வழிக் குடும்பத்தின் பண்ணை வீட்டில் பேசப்பட்டது போலந்து மொழி. சுற்றியிருந்த உழவர்கள் பேசியது லிதுவேனிய மொழி. நகரத்துக்குப் போனால் யூதர்களின் இத்திஷ் மொழி, அலுவலகத்தில் ரஷ்ய மொழி. போலந்தும் லிதுவேனியாவும் பல நூற்றாண்டுகள் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்ததன் மிச்சம் இது. அந்த முடியாட்சியில் லிதுவேனியப் பெருங்குடியினர் காலப்போக்கில் போலந்து மொழிக்கு மாறினார்கள். ஆனாலும் தங்களை லிதுவேனியர் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. போலந்தின் தேசியக் காவியமான ‘பான் ததேயுஷ்’, ஆதாம் மிட்ஸ்கியேவிச் பாரிஸில் அகதியாக இருந்தபோது எழுதி 1834-இல் வெளிவந்தது. போலந்து மொழியில் எழுதப்பட்ட அந்தக் காவியம் தாய்நாடே என்று விளிப்பது லிதுவேனியாவைத்தான்.

1918-இல் இரண்டும் தனித்தனி நாடுகளாயின. நீ யார் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்படி வரலாறு ஒவ்வொருவரையும் கேட்டது. நருதோவிச் சகோதரர்களின் கதை இதைச் சட்டென்று விளக்கும். அண்ணன் ஸ்தானிஸ்வாஃப், லிதுவேனிய விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். தம்பி காப்ரியேல், போலந்தின் முதல் குடியரசுத் தலைவர். பதவியேற்ற சில நாட்களிலேயே, 1922 டிசம்பரில், போலந்துத் தேசியவாதி ஒருவன் தம்பியைச் சுட்டுக் கொன்றான்.

மிவோஷின் உறவினருள்ளும் இப்படி ஒரு பிரிவு உண்டு. ஆஸ்கர் மிலோஸ் பிரெஞ்சில் எழுதிய கவிஞர். லிதுவேனிய மொழி பேசத் தெரியாத நிலையிலேயே அவர் லிதுவேனியாவைத் தன் நாடாகத் தேர்ந்தெடுத்து, பாரிஸில் அதன் தூதராகப் பணியாற்றினார். இளைஞரான செஸ்வாஃப் பாரிஸுக்குப் போய் அவரைச் சந்தித்தார். தன் எழுத்தின் ஆசான்களில் ஒருவராக அவரைக் கடைசிவரை போற்றினார். பிறப்பால் ஒட்டிக்கொள்வதை நாட்டுப்பற்று என்று எண்ணி வளர்ந்த இளைஞருக்கு, அது ஒருவர் தெரிந்து ஏற்கும் பொறுப்பாகவும் இருக்கலாம் என்று காட்டியவர் ஆஸ்கர்.

மிவோஷ் படித்தது வில்னோவில், இன்றைய வில்னியஸ். 1920-இல் போலந்துப் படை அந்த நகரைக் கைப்பற்றியது. அது எங்கள் தலைநகரம் என்று லிதுவேனியா இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களைத் தனி பெஞ்சில் உட்கார வைக்கக் கோரிய தேசியவாத மாணவர்களை மிவோஷ் கண்ணெதிரே பார்த்தார். போலந்துத் தேசியவாதத்தின் மீது அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு அங்கே முளைத்தது. பிற்காலத்தில் அவர் எடுத்த சரியான முடிவுகளுக்கும் தவறான முடிவுகளுக்கும் இந்த வெறுப்பே வேர்.

வார்சாவின் சாம்பல்

1939-இல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1940 ஜூனில் சோவியத் படை லிதுவேனியாவுக்குள் நுழைந்தது. பல எல்லைகளைத் திருட்டுத்தனமாகக் கடந்து மிவோஷ் ஜெர்மானியர் பிடியிலிருந்த வார்சாவுக்கு வந்து சேர்ந்தார். தலைமறைவாகக் கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டார். அவரும் தம்பி ஆன்ட்ஷெயும் யூதர்களைக் காப்பாற்ற உதவினார்கள். இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் 1989-இல் இருவரையும் இதற்காகக் கௌரவித்தது.

1943 ஏப்ரலில் வார்சாவின் யூதக் குடியிருப்பு எரிந்தபோது, அதன் மதில் சுவருக்கு வெளியே ஒரு குடை ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மனிதர்கள் எரிய, வெளியே மக்கள் ராட்டினத்தில் ஏறிச் சுற்றிச் சிரித்தார்கள். இந்தக் காட்சியை வைத்து மிவோஷ் அதே ஆண்டில் ‘கம்போ தெய் ஃபியோரி’ என்ற கவிதையை எழுதினார். தன் மக்களைத் துன்பப்பட்டவர்களாக மட்டும் பாராமல், வேடிக்கை பார்த்தவர்களாகவும் அவர் பார்த்தார். போலந்தே முழுக்க வதைபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

1944 ஆகஸ்டில் வார்சா எழுச்சி தொடங்கியது. 63 நாள் போராட்டத்துக்குப் பிறகு நகரமே தரைமட்டமானது. லண்டனிலிருந்த நாடுகடந்த அரசுக்கு விசுவாசமான படை நடத்திய இந்த எழுச்சியை, இளைஞர்களைப் பலி கொடுத்த பொறுப்பற்ற முடிவாகவே மிவோஷ் கருதினார். போலந்துக்காரர்களுக்குப் புனிதமாகிவிட்ட தியாகத்தை அவர் கேள்வி கேட்டார். அதைப் பலர் மன்னிக்கவே இல்லை.

ஐந்தாண்டு ஊழியம்

போர் முடிந்தபோது போலந்து சோவியத் பிடியில் இருந்தது. பழைய போலந்து திரும்பி வராது என்பதை மிவோஷ் புரிந்துகொண்டார். வரவேண்டும் என்ற ஏக்கமும் அவரிடம் இல்லை. நிலச் சீர்திருத்தம் தேவை என்று நம்பினார். மொழியையும் புத்தகங்களையும் வாசகர்களையும் விட்டு ஓட அவருக்கு மனமில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் ஒருநாளும் உறுப்பினராகவில்லை. ஆனால் அந்த அரசு தந்த வேலையை ஏற்று 1945 டிசம்பரில் அமெரிக்கா புறப்பட்டார். முதலில் நியூயார்க் துணைத் தூதரகம், பிறகு வாஷிங்டன் தூதரகத்தில் பண்பாட்டுப் பொறுப்பு.

அந்தக் காலத்தில் அவர் ஆற்றிய பணிகளில் ஒன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிட்ஸ்கியேவிச் பெயரில் போலந்து இலக்கிய இருக்கை அமையத் துணைநின்றது. பணம் வார்சா அரசுடையது. நம் இலக்கியத்துக்கு உலகப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் என்று மகிழ்ந்திருக்க வேண்டிய அமெரிக்கப் போலந்துக்காரர்கள், கம்யூனிஸ்ட் பணம் என்று சொல்லி எதிர்த்துப் போராடினார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. மிவோஷ் செய்ததிலும் பயன் இருந்தது. ஒரு கொடிய அரசின் காசில் மொழிக்கு நல்லது செய்யலாமா என்ற கேள்விக்கு இன்றுவரை சுலபமான விடை இல்லை.

1949 கோடையில் விடுமுறைக்குப் போலந்து சென்றார். ஒரு நள்ளிரவு விருந்து. ஆட்சியில் இருந்தவர்கள் குடித்து ஆடினார்கள். விடியும் முன் வெளியே வந்தபோது, கைதிகளை ஏற்றிய ஜீப்புகள் அவரைக் கடந்து போயின. கோடைதான் என்றாலும் குளிரடித்தது. காவலுக்கு இருந்த சிப்பாய்கள் கம்பளிக் கோட்டில் இருந்தார்கள். கைதானவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தான் எதில் பங்கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது என்று மிவோஷ் பின்னாளில் சொன்னார்.

உடனே விலகிவிடவில்லை. வாஷிங்டனுக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். என்ன செய்யலாம் என்று பிரின்ஸ்டனில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனைச் சந்தித்துக் கேட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். கவிஞன் தன் நாட்டை விட்டு வரக்கூடாது என்பதே ஐன்ஸ்டீனின் கருத்து. ஜெர்மனியை விட்டு வந்த அகதி ஒருவர், இன்னொருவருக்கு அகதி வாழ்வு வேண்டாம் என்று சொல்கிறார். அறிவுரை என்பதைவிட அதைத் துயரம் என்றே நான் வாசிக்கிறேன். கதான்ஸ்க் சின்னத்தில் இருக்கும் கவிதை இந்த ஊசலாட்ட நாட்களில்தான் எழுதப்பட்டது.

‘இல்லை’

1950-இல் பாரிஸ் தூதரகத்துக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் வார்சா சென்றபோது அவரது கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெளியுறவு அமைச்சரின் மனைவி நதாலியா மோட்செலெவ்ஸ்கா பரிந்து பேசிய பிறகே மீண்டும் பாரிஸ் போக அனுமதி கிடைத்தது. 1951 பிப்ரவரி 1 அன்று தூதரகத்தை விட்டு வெளியேறினார். பாரிஸுக்கு வெளியே மேசோன்-லஃபித் என்ற சிற்றூரில் ‘குல்துரா’ என்ற போலந்து இதழின் வீடு இருந்தது. ஆசிரியர் யெஜி கியெட்ரோய்ட்ஸும் நண்பர்களும் அங்கேயே தங்கி இதழை நடத்தினார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் மிவோஷ் அந்த வீட்டுக்குள் ஒளிந்திருந்தார். மனைவி யானினா அமெரிக்காவில், கைக்குழந்தையோடு. ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் அரசின் அதிகாரியாக இருந்தவருக்கு அமெரிக்கா விசா தர மறுத்தது. 1953-இல்தான் குடும்பம் பிரான்ஸில் ஒன்றுசேர முடிந்தது.

1951 மே மாதக் ‘குல்துரா’வில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரே சொல்: ‘இல்லை’. தன் முடிவை அவர் தற்கொலைக்கு ஒப்பிட்டார். கவிஞன் மொழியை விட்டு வெளியேறினால் வாசகரை இழக்கிறான், வாசகர் இல்லையேல் அவன் யாருமில்லை என்பதே அவரது அச்சம். அந்தக் கட்டுரையில் அவர் தன்னை வீரனாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஆட்சிக்கு மனமறிந்து உழைத்ததை ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதலே இரு பக்கத்துக்கும் ஆயுதமானது. வார்சாவில் அதுவரை நண்பர்களாக இருந்த எழுத்தாளர்கள் அவரைத் துரோகி என்றார்கள். அந்தோனி ஸ்வோனிம்ஸ்கி கண்டனம் எழுதினார். கவுச்சின்ஸ்கி துரோகியைப் பற்றிக் கவிதையே எழுதினார். மிவோஷ் யாருடைய கவிதைகளைப் போலந்து மொழிக்குக் கொண்டுவந்தாரோ அந்தப் பாப்லோ நெரூடாவும் ஓடிப்போனவன் என்று அவரைத் தாக்கினார். மறுபக்கம், லண்டனில் இருந்த போலந்து அகதிகள் ஐந்தாண்டு ஊழியத்தை மறக்கவில்லை. செர்கியுஷ் பியாசெட்ஸ்கி என்ற நாவலாசிரியர், கம்யூனிஸ்ட்களின் பழைய வழித்துணை என்று அவரைத் தாக்கி எழுதினார். அமெரிக்காவில் அவரைச் சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்குக் கடிதங்கள் போயின. பாரிஸின் இடதுசாரி அறிவாளிகளுக்கு, சோசலிச நாட்டை விட்டு ஓடி வந்தவர் தீண்டத்தகாதவரானார். அவர்களுக்குள் கைகொடுத்த மிகச் சிலரில் ஒருவர் ஆல்பெர் கமு. அந்த நட்பை மிவோஷ் நன்றியோடு எழுதிவைத்தார்.

சிறைப்பட்ட மனம்

1953-இல் வெளிவந்த ‘சிறைப்பட்ட மனம்’ அவருக்கு உலகப் புகழ் தந்தது. அறிவாளிகள் ஏன் ஸ்டாலினியத்துக்குத் தலைவணங்கினார்கள் என்பதை அது ஆராய்கிறது. அச்சமும் ஆசையும் மட்டுமே காரணம் என்று அவர் விட்டுவிடவில்லை. போர் எல்லா மதிப்புகளையும் நொறுக்கிய பிறகு, வரலாற்றுக்கு ஒரு பொருள் உண்டு, அதில் எனக்கும் இடம் உண்டு என்ற நம்பிக்கை அவர்களுக்கு உணவைப் போலத் தேவைப்பட்டது என்கிறார். கவலையைப் போக்கும் மாத்திரை ஒன்றை மக்கள் விழுங்கும் கதையை ஸ்தானிஸ்வாஃப் விட்கியேவிச்சின் நாவலிலிருந்து எடுத்து, அதைக் கருத்தியலுக்கு உவமையாக்குகிறார். வெளியே பணிந்து உள்ளே மறுக்கும் இரட்டை வாழ்வுக்கு ‘கேத்மன்’ என்று பெயரிடுகிறார். பாரசீகத்தைப் பற்றி கோபினோ எழுதிய நூலில் கண்டெடுத்த சொல் அது.

ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்ற மறைபெயர்களில் நான்கு எழுத்தாளர்களின் சித்திரங்கள் நூலில் உள்ளன. நால்வரும் அவருக்குத் தெரிந்தவர்கள்: ஆன்ட்ஷெயெவ்ஸ்கி, போரோவ்ஸ்கி, புத்ராமெந்த், கவுச்சின்ஸ்கி. ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்ட ததேயுஷ் போரோவ்ஸ்கி, ஆட்சிக்காகத் தன் எழுத்தையே பணயம் வைத்து, 1951 ஜூலையில் 28 வயதில் தற்கொலை செய்துகொண்டார். நால்வரையும் பற்றி மிவோஷ் எழுதும் தொனியில் வெளியாள் ஒருவனின் தீர்ப்பு இல்லை. அவர்கள் இருந்த அறையில் தானும் இருந்தேன் என்ற உணர்வு இருக்கிறது. நூலின் இறுதி அத்தியாயம் சோவியத் ஒன்றியம் விழுங்கிய பால்டிக் நாடுகளைப் பற்றியது. உலகம் மறந்துவிட்ட லிதுவேனியர்களையும் லாத்வியர்களையும் எஸ்தோனியர்களையும் நினைவூட்டி அவர் நூலை முடிக்கிறார். போலந்து மொழி எழுத்தாளரின் அரசியல் நூல், பிறந்த மண்ணின் மக்களுக்காகப் பேசி முடிகிறது.

பனிப்போர் இந்த நூலைத் தனக்கேற்ப எடுத்துக்கொண்டது. மிவோஷுக்கு அது உறுத்தியது. கம்யூனிச எதிர்ப்பாளர் என்ற ஒற்றைப் பட்டைக்குள் அடைபட அவர் விரும்பவில்லை. அமெரிக்க வாழ்வைப் பற்றி 1969-இல் அவர் எழுதிய ‘சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் காட்சிகள்’ நூலில், தஞ்சம் தந்த நாட்டின் தனிமையையும் நுகர்வு வெறியையும் தயங்காமல் விமர்சித்தார். நன்றி வேறு, பணிவு வேறு என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

மொழிக்குள் ஒரு வீடு

1960-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் அழைத்தது. விசா கிடைத்தது. அங்கே ஸ்லாவ் இலக்கியம் கற்பித்தார். 1970-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். மலைமேல் இருந்த அவர் வீட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடா தெரியும். அந்த ஜன்னலருகே உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் தன் பெயரை அச்சிட முடியாத ஒரு நாட்டின் மொழியில் கவிதை எழுதினார். ஆங்கிலம் நன்றாக வரும். போலந்துக் கவிதைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். பாடம் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். ஆனால் கவிதைக்கு மொழியை மாற்றவில்லை. நூல்கள் பாரிஸில் கியெட்ரோய்ட்ஸின் பதிப்பகத்தில் அச்சாகி, சில பிரதிகள் பெட்டிகளுக்கடியில் ஒளிந்து போலந்துக்குப் போய்ச் சேர்ந்தன.

1968-இல் எழுதிய ஒரு கவிதையில் தாய்மொழியையே நேருக்கு நேர் அழைத்துப் பேசுகிறார். அந்தக் கவிதை மொழியைப் புகழ்வதோடு நிற்பதில்லை. காட்டிக்கொடுப்பவர்களும் வெறுப்பவர்களும் பேசும் மொழியும் இதுதானே என்ற கசப்பும் அதில் இருக்கிறது. ஆனாலும் முடிவில் அதைத் துலக்கி வைக்கும் கடமையைத் தானே ஏற்கிறார். தமிழில் மொழிப்பற்றைப் பற்றி நாம் நிறையப் பாடியிருக்கிறோம். மொழி பேசுபவர்கள் செய்த தீமையையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, அதற்குப் பிறகும் மொழியைக் கைவிடாமல் இருக்கும் பற்று வேறு வகையானது. அது புகழ்ச்சியைவிட நெடுநாள் தாங்கும் என்று நம்புகிறேன்.

பிறந்த மண்ணுக்குரிய கடனை உரைநடையில் அடைத்தார். 1955-இல் வெளிவந்த ‘இஸ்ஸா பள்ளத்தாக்கு’ நாவலில் நெவேஜிஸ் ஆறு வேறு பெயரோடு ஓடுகிறது. 1959-இல் வந்த தன்வரலாற்று நூலில், மேற்கு ஐரோப்பியர் ஒரு வரைபட மூலையாக எண்ணிக் கடந்துபோகும் நிலப்பகுதியை, அதன் எல்லா மொழிகளோடும் மதங்களோடும் எடுத்து வைத்தார். 1980 நோபல் உரையிலும் பரிசுக்கு நன்றி சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தத்தின் ரகசிய விதியால் விழுங்கப்பட்ட சிறுநாடுகளையும், காத்தின் காட்டில் சோவியத்துகள் சுட்டுப் புதைத்த போலந்துக் கவிஞர்களையும் உலகத்துக்கு நினைவூட்டினார்.

வில்னோ யாருடைய ஊர்?

நாட்டுப்பற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல கேள்வி உண்டு: நேசிக்கும் ஊர் இன்னொருவருடையது என்று ஒப்புக்கொள்ள முடியுமா?

போருக்குப் பிறகு வில்னோ சோவியத் லிதுவேனியாவின் தலைநகரமானது. அங்கிருந்த போலந்துக்காரர்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். யூதர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார்கள். லண்டன் போலந்து அகதிகளுக்கு வில்னோவையும் லிவோஃபையும் மீட்பது விட்டுக்கொடுக்க முடியாத கொள்கை. கியெட்ரோய்ட்ஸின் ‘குல்துரா’ இதற்கு நேர்மாறான நிலையை எடுத்தது. வில்னியஸ் லிதுவேனியருக்கு, லிவோஃப் என்ற லிவீவ் உக்ரைனியருக்கு. இதை ஏற்காமல் போலந்துக்கு விடுதலையான அண்டை நாடுகளும் இல்லை, அமைதியும் இல்லை என்று அது வாதாடியது. இழந்த வீட்டின் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த வாசகர்களுக்கு அந்த நிலைப்பாடு எரிச்சலூட்டியது.

1970-களின் இறுதியில் மிவோஷும் லிதுவேனியக் கவிஞர் தோமாஸ் வென்ட்ஸ்லோவாவும் தங்கள் நகரத்தைப் பற்றிக் கடிதமாக ஓர் உரையாடலை நடத்தினார்கள். ‘குல்துரா’ அதை வெளியிட்டது. வென்ட்ஸ்லோவாவும் 1977-இல் சோவியத் ஒன்றியத்தை விட்டு வந்தவர். ஒருவர் அந்த நகரை வில்னோ என்கிறார், மற்றவர் வில்னியஸ் என்கிறார். ஒருவர் நினைவில் இருப்பது போருக்கு முந்திய நகரம், மற்றவர் வளர்ந்தது போருக்குப் பிந்திய நகரத்தில். தன் மக்கள் இன்னொரு மக்களுக்குச் செய்த தீங்கை இருவரும் சொல்கிறார்கள். எதிராளியின் குற்றப் பட்டியலோடு வாதத்துக்கு வருவதே வழக்கமான ஒரு தகராறில், இருவரும் தத்தம் வீட்டுக் குற்றத்தை முதலில் எடுத்து வைக்கிறார்கள். இரண்டு அகதிகள் எழுதிய இந்தக் கடிதங்களை, இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்குச் சமமாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

திரும்பி வந்தவர்

1981 ஜூனில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மிவோஷ் போலந்து மண்ணில் கால் வைத்தார். லூப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ‘சாலிடாரிட்டி’யின் தலைவர் லெக் வலேசா அவரைச் சந்தித்தார். தடை செய்யப்பட்ட புத்தகங்களை ரகசியமாகப் படித்து வளர்ந்த இளைஞர்கள் அரங்கங்களை நிறைத்தார்கள். அரை ஆண்டுக்குள், டிசம்பர் 13 அன்று, ராணுவச் சட்டம் வந்தது. கவிஞர் அமெரிக்காவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1992-இல், ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, லிதுவேனியாவுக்குப் போனார். பிறந்த வீடு இல்லை. பண்ணையில் மிஞ்சியிருந்தது ஒரு பழைய தானியக் களஞ்சியம். லிதுவேனியர்கள் அதைச் செப்பனிட்டுப் பண்பாட்டு மையமாக மாற்றி, போலந்து மொழியில் எழுதிய அந்த மனிதரின் பெயரைச் சூட்டினார்கள். களஞ்சியத்தைப் பேணுகிறவர்களின் மொழியை மிவோஷ் சரளமாகப் பேசியதில்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசி ஆண்டுகளைக் கிராக்கோவில் கழித்து, 2004 ஆகஸ்ட் 14 அன்று 93 வயதில் இறந்தார். தேசத்தின் பெருமக்களை அடக்கம் செய்யும் ஸ்காவ்கா தேவாலய நிலவறையில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. போலந்துக்கு எதிராக எழுதியவர், நல்ல கத்தோலிக்கர் அல்லர் என்று வலதுசாரிகள் போராட்டம் அறிவித்தார்கள். போப் இரண்டாம் ஜான் பால் அனுப்பிய தந்தி இறுதிச் சடங்கில் வாசிக்கப்பட்டது. தன் எழுத்து கத்தோலிக்க நெறியிலிருந்து விலகிவிட்டதா என்று முதிய கவிஞர் எழுதிக் கேட்டதையும், தான் அவருக்கு ஆதரவாகப் பதில் எழுதியதையும் அதில் போப் தெரிவித்திருந்தார். ஆகஸ்ட் 27 அன்று அடக்கம் நடந்தது. 1951-இல் தொடங்கிய விசாரணை கல்லறை வாசல் வரை வந்து நின்றது.

மிவோஷைக் குற்றமற்றவராக்கும் எண்ணம் எனக்கில்லை. ஸ்டாலினியத்தின் கொடுமை பெருகிய ஆண்டுகளில் அவர் அதன் சார்பில் விருந்துகளில் கைகுலுக்கினார். ஜீப்புகளைப் பார்த்த பிறகும் ஒன்றரை ஆண்டுகள் சம்பளம் வாங்கினார். லண்டன் அகதிகளின் கோபம் முழுக்கப் பொய்யானது அன்று. ஆனால் அவர்கள் கேட்டதும் வார்சா கேட்டதும் ஒன்றே: மண்ணையும் மொழியையும் இனத்தையும் அரசையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடு. அதை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மொழியை யாருக்காகவும் விடவில்லை. பிறந்த மண்ணை நேசித்தார், அதன் உரிமையைப் பிறருக்கு ஒப்புக்கொண்டார். இனத்தின் துயரத்தையும் பிழையையும் ஒரே மூச்சில் எழுதினார். அரசுக்கு உழைத்தார், அது தவறு என்று கண்டு விலகினார், உழைத்ததை மறைக்கவில்லை.

கதான்ஸ்க் சின்னத்துக்குப் பிறகு அந்தக் கவிதை ஒரு தேசத்தின் உடைமையாகிவிட்டது. கீழே இருந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டிருந்தால், ஓர் எதிர்ப்பாளரின் தூய குரலாக அது என்றும் நின்றிருக்கும். பிந்தைய தொகுப்புகளிலும் மிவோஷ் அதை அப்படியே விட்டுவைத்தார்: வாஷிங்டன், 1950.